அமுக்குங்க என்று சொன்ன காலை

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குப் பொறுமை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள் அது யாரோ வேலையை விட்டுப் போனவரின் பெயர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கை கால் அசைக்க முடியாதவர்கள் கணினியைப் பயன்படுத்துவதற்கான கருவிகளை விற்கும் சின்ன கம்பெனி அது. மூன்றாவது மாடியில் ஒரு நீள அறை, ஆறு நாற்காலி, ஆறு தொலைபேசி. ஊதினால் இயங்கும் சுவிட்ச், தலையை ஆட்டினால் நகரும் மவுஸ், கண் பார்க்கும் எழுத்தைத் தட்டச்சு செய்யும் கேமரா என்று பல சாமான்கள். வாங்கியவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சொருகுவார்கள். ஒன்றும் நடக்காது. கருவி சொல்வது கணினிக்குப் புரிய நடுவில் ஒரு மென்பொருளை ஏற்ற வேண்டும். டிரைவர் என்று அதற்குப் பேர். அதை ஏற்றத் தெரியாமல் எங்களுக்குப் போன் செய்வார்கள். ஒருவர், டிரைவர் எத்தனை மணிக்கு வருவார், வண்டி நிறுத்த வாசலில் இடம் இருக்கிறது என்றார். பொறுமை சிரிக்கவில்லை. அவர் உங்க கம்ப்யூட்டருக்குள்ளேயே வந்துடுவார் சார், வண்டி கிடையாது என்றாள்.

ஆப்பிள் கம்பெனியின் மேக் கணினி வைத்திருப்பவர்கள் எல்லாம் அவளிடம் போவார்கள். மற்ற கணினிக்காரர்கள் எனக்கு. அடுத்தடுத்த நாற்காலி. ஏழு வருஷம் அவள் குரலைக் கேட்டுக் கேட்டு, மேக்கைத் தொடாமலே எனக்கு அது மனப்பாடம்.

அவள் மெனு என்று சொல்ல மாட்டாள், ஐகான் என்று சொல்ல மாட்டாள். "மேல இடது மூலையில கடிச்ச ஆப்பிள் ஒண்ணு இருக்கும். அதுமேல வச்சு ஒரு தட்டு" என்பாள். பாஸ்வேர்டு அடிக்கும்போது எழுத்து தெரியாமல் புள்ளி மட்டும் விழுந்தால் பயப்படாதீர்கள், மெஷின் அதை யாருக்கும் காட்டாமல் மறைக்கிறது என்பாள். தெரியாத ஆளிடமிருந்து வந்த மென்பொருள், திறக்க முடியாது என்று எச்சரிக்கை வந்ததும் பாதிப் பேர் போனை வைத்துவிடப் பார்ப்பார்கள். வீட்டுக்குப் புது ஆள் வந்தா வாட்ச்மேன் நிறுத்திக் கேப்பார்ல, நாமதான் உள்ளே விடச் சொல்லணும் என்று அவர்களை அமைப்புகளுக்குள் கூட்டிப்போய், 'அனுமதி' என்ற பொத்தானைத் தேட வைப்பாள். சிலருக்கு அந்தப் பொத்தானைக் கண்டுபிடிக்கவே அரை மணி ஆகும். அந்த அரை மணியும் அவள் குரல் ஒரு சுருதி ஏறாது.

இதற்கு முன்னால் மூக்குக்கண்ணாடிக் கடையில் பன்னிரண்டு வருஷம் இருந்தவள். இப்ப தெளிவா, இல்லை இதுல தெளிவா என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு வந்த பொறுமை அது என்று சொல்லுவாள். பத்தாவதோடு படிப்பு நின்றது. சலவைக் கடைக்கு மேல் இரண்டு அறை வீட்டில் அவளும், திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் அவள் அக்காவும் மட்டும். அக்கா சுருக்கென்று பேசுகிறவள். எங்க வீட்டுப் பொறுமையையெல்லாம் சேர்த்து அவளுக்கே குடுத்துட்டாங்க என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள்.

லிஃப்ட் மெக்கானிக்கின் முதல் போன் வந்தது ஒரு வியாழக்கிழமை. ஓய்வு பெற்றவர். அவர் மனைவி ஒரு பத்திரிகையில் பிழைதிருத்துபவராக இருந்தவர். தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய். முதலில் கை, பிறகு கால், போன மாதம் பேச்சும் போய்விட்டது. கண் மட்டும் பாக்கி. கண்ணால் எழுதும் கேமராவை வாங்கி வந்து திரைக்குக் கீழே பொருத்திவிட்டார். இருபது மாடிக் கட்டடத்தின் கேபிளை அவிழ்த்து மாட்டத் தெரிந்த மனுஷருக்குக் கணினித் திரையில் எதைத் தொடுவது என்று தெரியவில்லை.

அன்றைக்கு மூன்று மணி நேரம் பத்து நிமிஷம் ஆனது. தரவிறக்கிய கோப்பைத் திறந்தார்கள். அதிலிருந்த மென்பொருளின் படத்தை இழுத்துக் கோப்புறையில் போட வேண்டிய இடத்தில் அவர் குப்பைத்தொட்டியில் போட்டார். மறுபடி எடுத்தார்கள். கேமராவுக்கு அனுமதி, திரையைப் பார்க்க அனுமதி, கணினியை இயக்க அனுமதி என்று மூன்று கதவு. கணினியை அணைத்து மறுபடி போட்டார்கள். கடைசியாகத் திரையில் ஒன்பது புள்ளி வந்தது. ஒவ்வொன்றாக மினுக்கும், அந்த அம்மா ஒவ்வொன்றையும் உற்றுப் பார்க்க வேண்டும். அவர் ஒன்பதையும் பார்த்து முடித்தார்.

பொறுமை காத்திருந்தாள். அந்த அம்மா கண்ணால் எழுதியதைக் கணினியின் குரல் மெதுவாகச் சொன்னது: "சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்."

மெக்கானிக் குனிந்து பார்த்திருக்கிறார். காலையிலிருந்து அப்படியே இருந்திருக்கிறது. அதைச் சொல்ல முடியாமல் அந்த அம்மா மூன்று மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவர் சிரித்தார், சிரிப்பு நடுவில் வேறாக மாறியது. பொறுமை ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

அதற்குப் பிறகு வாரம் ஒருமுறையாவது மெக்கானிக் கூப்பிடுவார். எழுத்தின் அளவு, குரலின் வேகம், எதையாவது கேட்பார். ஒரு நாள் புகார் போலச் சொன்னார்: "முப்பத்தஞ்சு வருஷம் 'ஏங்க'ன்னு கூப்பிட்டவ இப்ப மேடையில பேசற மாதிரி பேசறாம்மா. ஜன்னலைச் சாத்துங்கள்ங்கறா. நான் எழுந்து நின்னு கேக்க வேண்டியிருக்கு."

அந்த அம்மா பொறுமைக்கு மின்னஞ்சலும் எழுத ஆரம்பித்தார். வாடிக்கையாளர்களுக்காகப் பொறுமை படம் ஒட்டி எழுதி வைத்திருந்த ஆறு பக்க வழிகாட்டியைப் படித்துவிட்டு, அதில் நாற்பத்தோரு ஒற்றுப்பிழை இருப்பதாக வரிசை போட்டு அனுப்பினார். ஒவ்வொரு புள்ளியெழுத்துக்கும் கண்ணால் கூடுதலாக ஒரு தடவை பார்க்க வேண்டும். நாற்பத்தொன்றுக்கும் பார்த்திருக்கிறார். இதையெல்லாம் எதுக்கு மேடம் சிரமப்பட்டு, எனக்கு வலி மிகும் இடம் எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே புரியலை என்று பொறுமை பதில் போட்டாள். மறுநாள் வந்தது: "எனக்கு வலி மிகும் இடங்கள் முதுகும் இடது தோளும். மற்றவற்றை நான் சொல்லித் தருகிறேன்." கீழே இன்னொரு வரி. பத்திரிகையில் எல்லாரும் அவரை ஒற்றுமை என்று கூப்பிடுவார்களாம், ஒற்று விட்டால் விடமாட்டார் என்பதால். நீங்கள் பொறுமை, நான் ஒற்றுமை, நம் இருவரையும் பள்ளிக்கூடச் சுவரில் எழுதிப் போடலாம் என்று முடித்திருந்தார். பொறுமை அதை என்னிடம் மூன்று தடவை படித்துக் காட்டினாள். இரண்டு பேரும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் எட்டு மாதம் அவள் மதிய இடைவேளையில் முதலில் திறந்து பார்த்தது அந்த அம்மாவின் கடிதத்தைத்தான்.

இனி சொல்ல வேண்டியது அந்தத் திங்கட்கிழமை.

காலை எட்டரைக்கு எங்கள் எல்லாருடைய மின்னஞ்சல் பெட்டிக்கும் ஒரு குறிப்பு வந்திருந்தது. மேக் கணினிகளை இயக்கும் மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வெளியாகியிருக்கிறது, கண் கேமராவுக்கான நம் மென்பொருள் அதற்கு இன்னும் தயாராகவில்லை, மூன்று வாரம் ஆகும், யாரையும் அதுவரை அப்டேட் செய்ய விடாதீர்கள் என்று. நான் படித்தேன். மேக் விஷயம்தானே, நமக்கில்லை என்று மூடிவிட்டேன். பொறுமை அன்றைக்குக் கதவைத் திறந்து உள்ளே வரும்போதே அவள் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. பையைக்கூடக் கழற்றவில்லை. ஒருவர் முடிந்து ஒருவர். ஒன்பதே கால் வாக்கில் மெக்கானிக் கூப்பிட்டார். அமைப்புகளில் சிவப்பாக ஒரு எண் தெரிகிறது, அப்டேட் செய்யச் சொல்கிறது, அமுக்கலாமா என்று கேட்டார். இன்னொரு அழைப்பு காத்திருந்தது.

"தாராளமா அமுக்குங்க சார். ஒரு மணி நேரம் ஆகும், அணைக்காம விட்டுடுங்க" என்றாள் பொறுமை.

எனக்குக் கேட்டது. அடுத்த நாற்காலிதானே. கேட்டும் காதில் ஏறவில்லை.

பதினொரு மணிக்கு அவள் குறிப்பைத் திறந்தாள். அவள் கை மவுஸ்மேல் அப்படியே நின்றதைப் பார்த்தேன். உடனே மெக்கானிக்குக் கூப்பிட்டாள். ஏறி முடிந்துவிட்டது, இப்போதுதான் திறந்தது, ஆனால் கேமராவில் விளக்கு எரியவில்லை என்றார் அவர். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

புதுப் பதிப்புக்கு எங்கள் மென்பொருள் இன்னும் வரவில்லை என்று அவரிடம் சொன்னாள். அதுவரை உண்மை. அவர் உடனே, ஐயோ, நான்தான் அவசரப்பட்டுட்டேன், சும்மா இருந்திருக்கணும் என்றார். அந்த இடத்தில் அவள் பேசியிருக்க வேண்டும். வாயைத் திறந்தாள். பிறகு, பார்க்கலாம் சார், வழி இருக்கும் என்று மட்டும் வந்தது.

வழி இல்லை. பழைய பதிப்புக்குத் திரும்ப வேண்டுமென்றால் கணினியைத் துடைக்க வேண்டும். அந்த அம்மா எழுதியது எல்லாம் அதில்தான், பிரதி எடுத்து வைக்கவில்லை. போனிலேயே அவரைப் பிரதி எடுக்கவைத்துத் துடைக்கச் சொல்ல அவளுக்குத் துணிவு வரவில்லை. பொறுமை இரண்டு நாள் மென்பொருளை நீக்கி ஏற்றி, நீக்கி ஏற்றி, மூன்று கதவையும் மூடித் திறந்து பார்த்தாள். இரவல் கொடுக்கக் கம்பெனியில் இரண்டு மேக் இருந்தன. இரண்டும் வெளியே, மெக்கானிக் வரிசையில் நான்காவது ஆள் என்றார் மேலாளர். அதற்கிடையில் ஒரு அட்டையில் எழுத்துகளை எழுதி வரிசையாகத் தொட்டுக் காட்டச் சொன்னாள். வேண்டிய எழுத்து வரும்போது அந்த அம்மா கண்ணைச் சிமிட்டினால் போதும். மனுஷர் இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் எழுதிவிட்டார். மூன்றாவது வரிசைக்குப் போவதற்குள் அந்தக் கண் சோர்ந்துபோகும். பிறகு உயிரெழுத்து ஒரு அட்டை, மெய்யெழுத்து ஒரு அட்டை என்று பொறுமை மாற்றிச் சொல்லித் தந்தாள். அவர் அவசரத்தில் வரிசை தவறுவார். அந்த அம்மா தவறான எழுத்தை ஏற்றுக்கொள்ள மாட்டார். கண்ணை மூடிக்கொள்வார், மறுபடி முதலிலிருந்து.

அப்படி நான்கு நாளில் கிடைத்தது இரண்டே சொல். ஒன்று, தண்ணீர். அதிலும் கடைசிப் புள்ளியெழுத்து வரும்வரை கண்ணைத் திறந்தே வைத்திருந்தாராம். இன்னொன்று வெள்ளிக்கிழமை கிடைத்தது: போதும். தண்ணீர் போதும் என்றா, அட்டை போதும் என்றா, எது போதும் என்று தெரியவில்லை. மெக்கானிக் அட்டையை எடுத்து அலமாரிமேல் வைத்துவிட்டார்.

அன்று மாலை பொறுமை தன் மேசையில் இருந்த மேக்கை எடுத்துப் பையில் வைத்தாள். அழைப்பவர்கள் பார்க்கும் திரையை அவளும் பார்த்துச் சொல்வதற்காகக் கம்பெனி கொடுத்தது. பழைய பதிப்பு இன்னும் அதில்தான் இருந்தது. வெளியே கொண்டுபோகக் கூடாது. நான் பார்த்தேன், அவளும் நான் பார்ப்பதைப் பார்த்தாள். வீட்டில் அக்கா, வேலை போயிடும்டி என்று சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு, மிச்சமிருந்த தடித்த திரைத்துணியில் கணினியைச் சுற்றித் தந்ததும் அவள்தான்.

சனிக்கிழமை இரண்டு பஸ் மாறிப் போனாள். நான்காவது மாடி. லிஃப்டில் ஏறியபோது அது கிளம்பியதே தெரியவில்லை, நின்றதும் தெரியவில்லை. தரையும் தளமும் ஒரு மயிரிழை கூடப் பிசகாமல் சேர்ந்தன. சக்கர நாற்காலி குலுங்கக் கூடாது என்று மெக்கானிக் தானே சரிபண்ணி வைத்தது.

ஜன்னலோரம் கட்டில். திரையைத் தாங்கும் இரும்புக் கையை அவர் பழைய லிஃப்ட் சாமானில் செய்திருந்தார். அந்த அம்மா பொறுமை நினைத்ததைவிடச் சின்ன உருவம். முடியைக் கணவர் வெட்டிவிட்டதில் ஒரு பக்கம் ஏறியிருந்தது. முந்தின இரவிலிருந்து காய்ச்சல். டாக்டர் காலையில் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார், மூச்சும் சரியில்லை என்று.

மேடம், நான் பொறுமை என்றாள். கண் திரும்பியது. அவள் முகத்தில் நெடுநேரம் நின்றது.

கேமராவைத் தன் கணினியில் மாட்டினாள். விளக்கு எரிந்தது. ஒன்பது புள்ளி வந்தது. முதல் புள்ளி, இரண்டாவது, மூன்றாவது. நான்காவதில் இமை தொங்கியது. இத்தனை நாளும் அசைந்த ஒரே தசையும் இந்த ஆறு நாளில் தளர ஆரம்பித்திருந்தது. திரையை இறக்கினாள், விளக்கை மாற்றினாள், புள்ளியை ஐந்தாகக் குறைத்தாள். மெக்கானிக் ஈரத்துணியால் மனைவியின் இமையைத் துடைத்துவிட்டு, விரல் நுனியால் மெதுவாகத் தூக்கிப் பிடித்தார். கணினி, கண் தெரியவில்லை என்றது. மூன்று மணி நேரம் இப்படிப் போனது. முதல் நாள் ஏற்றுவதற்கும் அவ்வளவு நேரம்தான் ஆகியிருந்தது. கடைசியில் அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். தூக்கமில்லை என்பது இருவருக்கும் தெரிந்தது.

மெக்கானிக் சமையலறைக்குப் போய் டீ போட்டார். பொறுமை பின்னாலேயே போனாள். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார்.

"சும்மா இருந்த மெஷினை நான்தான்மா கெடுத்தேன். தினமும் அவகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு இருக்கேன். அவ என்னையே பாக்கறா. திட்டறாளா, விடுங்கன்னு சொல்றாளா, எதுவும் தெரியலை."

"நீங்க கெடுக்கலை சார்" என்றாள் பொறுமை. "அமுக்கலாமான்னு நீங்க எங்கிட்ட கேட்டீங்க. அமுக்கக் கூடாதுன்னு அன்னைக்குக் காலையிலேயே எனக்கு எழுதி வந்திருந்தது. நான் அதைத் திறக்கலை. திறக்காமலே அமுக்குங்கன்னு சொல்லிட்டேன்."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவர் அடுப்பை அணைத்தார். வழிந்ததைத் துடைத்தார். துணியைப் பிழிந்தார், மறுபடி துடைத்தார்.

"திங்கக்கிழமையே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் கடைசியில். "அவகிட்டயாவது நான் சரியாச் சொல்லியிருப்பேன்."

டீயை ஊற்றி அவள் கையில் கொடுத்தார். அவள் நின்றபடியே குடித்தாள். போகும் முன்னால் கட்டிலருகே போய், மெக்கானிக்கின் காதுபட, அந்த அம்மாவிடமும் அதையே சொன்னாள். கண் திறந்தது. பார்த்தது. மூடியது. அந்தப் பார்வையை எப்படி எடுத்துக்கொள்வது என்று பொறுமைக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஒன்பது நாள் கழித்து அந்த அம்மா இறந்துபோனார். பிறகு இரண்டு நாளில், சொன்ன தேதிக்கு முன்னதாகவே, புது மென்பொருள் வந்தது.

பொறுமை மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னாள், கணினியை எடுத்துப்போனதையும் சேர்த்து. அவர் எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார். அன்றைக்குத்தான் நான் அவளிடம், குறிப்பை நான் எட்டே முக்காலுக்கே படித்துவிட்டேன் என்று சொன்னேன். இரண்டு வாரம் சொல்லாமலே இருந்துவிட்டேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன், அது எனக்கு வேண்டியும் இருந்தது. "உனக்கும் அன்னைக்கு வேலை அதிகம்தானே" என்றாள். அந்தக் குரலும் ஒரு சுருதி ஏறவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அக்காதான் வேறு மாதிரி பேசினாள். அந்த மனுஷர்கிட்ட நீ சொல்லாமலே இருந்திருக்கலாம், அவருக்கும் வேதனை, உனக்கும் வேதனை, யாருக்கு என்ன லாபம் என்றாள். அவர் தன்மேல் போட்டுக்கொண்ட பழியை அவரிடமே விட்டுவிட்டு வர முடியவில்லை என்று பொறுமை என்னிடம் ஒருநாள் சொன்னாள், வேறெதையோ பேசிக்கொண்டிருக்கும்போது.

நான்கு மாதம் கழித்து மெக்கானிக் கூப்பிட்டார். எடுத்தது நான். மேக் பார்க்கும் அம்மா இருக்காங்களா என்று கேட்டார். பொறுமை வாங்கினாள். மனைவி எழுதியதெல்லாம் கணினிக்குள் எங்கோ இருக்கும் என்று சொன்னார்களே, அதைப் பார்க்க முடியுமா என்றார். முடியும். கேமராவின் மென்பொருள் பேசிய ஒவ்வொரு வாக்கியத்தையும் தேதி போட்டு ஒரு கோப்பில் சேர்த்து வைக்கும். அது மறைவான கோப்புறை. ஒரு விசையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மெனுவைத் திறந்தால்தான் கண்ணில் படும். விசையை விட்டுவிட்டு விட்டுவிட்டு அவர் நான்கு தடவை தவறவிட்டார். பொறுமை ஐந்தாவது தடவையும் அதே குரலில் சொன்னாள். கோப்பு திறந்தது.

அவர் வாசிக்க ஆரம்பித்தார். எட்டு மாதப் பேச்சு. ஜன்னலைச் சாத்துங்கள். காலை மடக்கிவிடுங்கள். உப்பு அதிகம் என்று நினைக்கிறேன், வாசனையிலேயே தெரிகிறது. தூங்கப் போங்கள். பாதிக்கு மேல் இப்படித்தான். அமுக்கிய நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையோடு கோப்பு முடிந்தது. கடைசி வரி, "நாளை நகம் வெட்டிவிடுங்கள்."

அந்த வரியை அவர் இரண்டு தடவை வாசித்தார்.

"வெட்டிவிட்டேனான்னு ஞாபகம் வரலைம்மா" என்றார். பிறகு, "அந்த ஆறு நாள்ல அவ ஏதோ சொல்ல வந்தா. திரையைப் பார்ப்பா, என்னைப் பார்ப்பா. என்னவா இருக்கும்?"

"தெரியலை சார்" என்றாள் பொறுமை.

"ஆமா. எனக்கும் தெரியலை."

அதற்குப் பிறகும் அவர் போனை வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை. அவளுக்காக இன்னும் இரண்டு அழைப்புகள் காத்திருந்தன. விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. நான் கையை நீட்டி இரண்டையும் என் பக்கம் இழுத்துக்கொண்டேன். மேக்கைப் பற்றித் தெரிந்த அளவுக்குச் சொன்னேன்.